ரொக்கி பாயைத் தேடி நான் கே.ஜி.எஃப். போகவில்லை



போன கிழமை நான் போட்ட போட்டோவுக்கு வந்த கொமன்டுகளை வாசித்துவிட்டு இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். இனியும் பேசாமல் இருக்க ஏலாது. நீளமாகத்தான் எழுதப் போகிறேன். நேரமில்லாதவர்கள் லைக் போட்டுவிட்டுப் போகலாம், கோபிக்க மாட்டேன். ஏச நினைக்கிறவர்கள் மட்டும் தயவு செய்து கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போட்டோவில் இருந்தது சாம்பல் நிறத்தில் ஒரு மண்மலை, அதற்குப் பின்னால் துருப்பிடித்த ஓர் இரும்புக் கோபுரம். கீழே "கோலார் தங்கவயல்" என்று மட்டும் எழுதியிருந்தேன். முதலாவது கொமன்ட், "சேர், ரொக்கி பாய்க்கு சலாம் சொன்னீங்களா?" அதற்குக் கீழே சிரிப்புப் பொம்மைகள் வரிசையாக. இன்னொருவர், "எத்தின பவுண் கொண்டு வந்தீங்க?" என் வயதை ஒத்த ஒரு நானா எழுதியிருந்தார், "வேலூர் மட்டும் போன ஆள் ஊட்டியப் பாக்கல்ல, பெங்களூரப் பாக்கல்ல, மண்மேட்டப் பாத்துட்டு வந்திரிக்கார்." உண்மையைச் சொன்னால் எனக்கும் சிரிப்பு வந்தது. ஊரில் நாலு பேர் சிரிக்க நான் காரணமாக இருந்தால் அதில் என்ன நட்டம்?

ஆனால் திங்கட்கிழமை பத்தாம் ஆண்டு வகுப்பில் ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டான், "சேர், அங்க இப்பவும் அடிமையள் இரிக்காங்களா?" விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நல்லாகப் படிக்கிற பிள்ளை. அந்தப் படத்தை ஏழெட்டுத் தரம் பார்த்திருக்கிறான். அதில் வருவதைச் சரித்திரம் என்றே நம்பியிருக்கிறான். பக்கத்தில் இருந்தவன், "இல்லடா, ரொக்கி பாய் எல்லாரயும் விடுதலயாக்கிட்டான்" என்று விளக்கம் கொடுத்தான். அப்போதுதான் சிரிப்பு நின்றது.

நடந்ததைச் சொல்கிறேன். மச்சானின் வைத்தியத்துக்காக வேலூரில் இருந்தோம். எங்கட ஊரில் வேலூருக்குப் போகாத குடும்பம் குறைவு. றிப்போட் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். லொட்ஜ் அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கப் பிடிக்கவில்லை. காட்பாடியில் ரயில் ஏறி, ஜோலார்பேட்டை, குப்பம் தாண்டி, பங்காருப்பேட்டையில் இறங்கினேன். அங்கிருந்து ஒரு கிளைப் பாதை போகிறது. கோரமண்டல், ஊரிகம், சாம்பியன், மாரிக்குப்பம். மாரிக்குப்பத்தோடு தண்டவாளம் முடிந்துவிடும். 19ஆம் நூற்றாண்டில் சுரங்கத்துக்காகவே போட்ட பாதை அது.

அது கர்நாடக மாநிலம். ஆனால் ஸ்டேஷனில் இறங்கினால் காதில் விழுவது தமிழ். கடைப் பலகைகளில் கன்னடம், கடைக்குள் தமிழ், இடையிடையே தெலுங்கும் உருதுவும். மைசூர் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து மூவாயிரம் அடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரத்தில் இருக்கிறது அந்த ஊர். சுற்றிவர சின்னச் சின்னப் பாறைக் குன்றுகள். ஆனால் ஊருக்கு நடுவில் நிற்கிற பெரிய மலைகளைப் படைத்தவன் படைக்கவில்லை. அவை மனிதன் கொட்டினவை. பூமிக்குக் கீழே இருந்து தோண்டி எடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்துவிட்டு, மிஞ்சின சக்கையைக் கொட்டிக் கொட்டி வந்த மலைகள். "சயனைட் மலை" என்றே ஊரார் சொல்கிறார்கள். எல்லாம் சேர்த்து மூன்று கோடித் தொன்னுக்கு மேல் கிடக்கிறது. காற்றுக் காலத்தில் அந்தத் தூள் பறந்து வீட்டுக்குள் வருகிறது, சோற்றில் விழுகிறது. சினிமாக்காரர்களுக்கு அது நல்ல லொகேஷன். ரொக்கி பாயின் படத்துக்கும் அந்த மலைகளில்தான் செட் போட்டார்கள்.

இனி அந்தப் படத்துக்கு வருவோம். நானும் பார்த்தேன். 2018இல் வந்ததையும் பார்த்தேன், 2022இல் வந்ததையும் பார்த்தேன். சண்டைக் காட்சி நல்லா இருக்கிறது, பாட்டு நல்லா இருக்கிறது. "படம் படம்தானே சேர்" என்று சொல்லப் போகிறீர்கள். சரி. ஆனால் பொய் சொல்கிறவன் எந்த இடத்தில் பொய் சொல்கிறான் என்று பார்த்தால் அவன் எதை மறைக்கிறான் என்று விளங்கும்.

படத்தில் சுரங்கம் ஒரு கொடூரக் குடும்பத்தின் கையில். துவக்கு வைத்த காவல், கண் தெரியாத கிழவன், சங்கிலி, சாட்டை. எல்லாம் 1950க்குப் பிறகு நடக்கிற கதை. நிஜத்தில் 1880இல் இருந்து அந்தச் சுரங்கங்களை நடத்தியது ஜோன் டெய்லர் அன் சன்ஸ் என்ற லண்டன் கொம்பனி. சாட்டை தேவைப்படவில்லை. கணக்குப் புத்தகம் போதுமாக இருந்தது. 1956இல் மைசூர் அரசாங்கம் பொறுப்பெடுத்தது. 1962இல் மத்திய அரசாங்கத்தின் கைக்குப் போனது. 1972இல் பாரத் கோல்ட் மைன்ஸ் என்ற அரச கொம்பனி ஆனது. அதாவது, ரொக்கி துவக்கோடு திரிகிறதாகப் படம் காட்டுகிற காலத்தின் பெரும்பகுதியில் அந்தச் சுரங்கத்தின் முதலாளி அரசாங்கம். கொடூரமான வில்லன் ஒருவனைப் படைத்துவிட்டால் வசதி. அவனைச் சுட்டுக் கொன்றால் கதை முடிந்துவிடும். பங்குலாபம் வாங்கின லண்டன் கனவானை எந்த ரொக்கி போய்ச் சுடுவான்? அவன் மாரிக்குப்பத்தைக் கண்ணால்கூடக் கண்டிருக்க மாட்டான்.

காரூனின் கதையைச் சின்ன வயதில் இருந்தே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். செல்வத்தில் திமிர் பிடித்தவனைப் பூமி விழுங்கியது. கோலாரில் பூமி விழுங்கியது காரூனை இல்லை, காரூனுக்காகத் தோண்டினவனை.

எவ்வளவு ஆழம் தெரியுமா? சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீற்றரையும் தாண்டிக் கீழே போனது, கிட்டத்தட்ட 3,200 மீற்றர். நம் நாட்டின் ஆக உயர்ந்த மலை பீதுருதாலகால, 2,524 மீற்றர். அந்த மலையைத் தலைகீழாகக் குழிக்குள் இறக்கினாலும் மேலே இன்னும் அறுநூறு மீற்றருக்கு மேல் இடம் மிச்சமிருக்கும். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகைக்கு மேல். இயந்திரத்தால் குளிர்காற்றை உள்ளே தள்ளித்தான் மனிதனை வேலை செய்ய வைத்தார்கள். ஆழம் கூடக் கூட மேலே இருக்கிற பாறையின் பாரம் பக்கச் சுவர்களை நெருக்கும். ஒரு கட்டத்தில் பாறை சொல்லாமல் கொள்ளாமல் வெடிக்கும். அங்குள்ளவர்கள் அதை "ஏர் பிளாஸ்ட்" என்கிறார்கள். கீழே ஒன்று வெடித்தால் மேலே வீட்டில் தட்டுமுட்டுச் சாமான் ஆடும். அடுப்படியில் நிற்கிற பெண் அப்படியே நின்றுவிடுவாளாம், இன்றைக்கு யாருடைய மனுஷன் என்று.

அது ஒரு நொடியில் வருகிற மௌத். ஆறுதலாக வருகிற மௌத் வேறு. தங்கம் ஒட்டியிருந்த பாறை படிகக்கல் வகை. அதில் துளை போடும்போது பறக்கிற தூசு நுரையீரலில் போய்த் தங்கும். திரும்பி வராது. நுரையீரல் தழும்பாகி இறுகிப்போகும். சிலிக்கோசிஸ். மருந்து கிடையாது. இருமல் என்பார்கள், கயரோகம் என்பார்கள், ஆள் போய்விடுவான். இந்தியாவில் இந்த நோயைப் பற்றி முதன்முதல் பெரிய அளவில் ஆராய்ந்தது கோலாரில்தான், 1940களில். சோதித்துப் பார்த்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளரில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. படத்தில் இருமுகிற ஒருவனைக் கண்டீர்களா? நான் காணவில்லை. இருமுகிறவனை வைத்துச் சண்டைக் காட்சி எடுக்க ஏலாது.

எனக்கு உண்மையிலேயே கோபம் வந்த விஷயம் இன்னொன்று. படத்தில் அந்தத் தொழிலாளர்கள் யார்? முகத்தில் கரி பூசின ஒரு கூட்டம். பேச்சில்லை, பெயரில்லை, யோசனையில்லை. மும்பையில் இருந்து ஒரு ரவுடி வந்து காப்பாற்றும் மட்டும் குனிந்தபடி நிற்கிறார்கள். இந்தக் காட்சிக்குத்தான் எங்கட பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

நிஜத்தில் அங்கே போனவர்களில் பெரும்பகுதி வட ஆற்காடு, சேலம், தர்மபுரி, சித்தூர்ப் பக்கங்களில் இருந்து போன ஒடுக்கப்பட்ட சாதி மக்கள். ஊரில் நிலமில்லை, குடிதண்ணீர்க் கிணற்றில் உரிமையில்லை, பஞ்சம் வேறு. அதே காரணங்களுக்காகக் கப்பல் ஏறினவர்கள்தான் நம் மலையகத்துக்கும் வந்தார்கள். ஒரே வீட்டில் அண்ணன் தங்கத்துக்கும் தம்பி தேயிலைக்கும் போயிருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கோலாரிலும் குடியிருப்புக்குப் பெயர் "லைன்". முதலில் மூங்கில் தட்டியால் அடைத்த குடிசைகள், பிறகு வரிசை வீடுகள். ஹட்டன் பக்கம் போய் வந்தவர்களுக்கு நான் விபரிக்கத் தேவையில்லை.

இந்த மக்கள் பேசாத கூட்டமாகவா இருந்தார்கள்? அயோத்திதாசப் பண்டிதர் என்ற பெயரை எங்கட பிள்ளைகள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். 1898இல் கேர்னல் ஒல்கொட்டோடு கொழும்புக்கு வந்து பௌத்தத்தை ஏற்றவர். சாதிக்கு எதிராகச் சங்கம் அமைத்தார், 1907இல் இருந்து பத்திரிகை நடத்தினார். அந்தச் சங்கத்தின் முக்கியமான கிளை எங்கே இருந்தது தெரியுமா? மாரிக்குப்பத்தில். சுரங்கத்துக்குள் இறங்குகிறவனின் சம்பளக் காசில் அங்கே கூட்டம் நடந்தது, புத்தகம் அச்சானது. அவர் மறைந்து சில காலத்துக்குப் பிறகு அவருடைய "தமிழன்" பத்திரிகை திரும்ப வந்ததே தங்கவயலில் இருந்துதான். அவர்கள் போன மார்க்கம் வேறு, நம் மார்க்கம் வேறு. ஆனால் நாள் முழுக்கப் பாறையோடு கிடந்துவிட்டு மேலே வந்து பத்திரிகை வாசித்தவனுக்கு முன்னால், கையில் ஃபோனை வைத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளுகிற நாம் கொஞ்சம் வெட்கப்படத்தான் வேண்டும்.

1930இல் கொம்பனி, எல்லாத் தொழிலாளரும் கைரேகை வைத்துப் பதிய வேண்டும் என்று சட்டம் போட்டது. கைரேகை எடுப்பது கள்ளனிடம், எங்களிடம் ஏன் என்று கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலைக்கு இறங்காமல் நின்றார்கள். கடைசியில் கொம்பனி இறங்கி வந்தது. எந்த வீரனும் வெளியில் இருந்து வந்து செய்து கொடுத்த வேலை இல்லை அது. 1940களில் தொழிற்சங்கம் கட்டினார்கள். 1946இல் நடந்த போராட்டத்தில் பொலிஸ் சுட்டு உயிர்கள் போயின. இந்த ஊரில் கதாநாயகன் இல்லை என்றா படம் எடுத்தவர்களுக்கு வெளியில் இருந்து ஒருவனை இறக்குமதி செய்ய வேண்டி வந்தது? இருந்தார்கள். ஸ்டைலாகச் சிகரட் பிடிக்கிறவர்களாக இருக்கவில்லை, அவ்வளவுதான். (2024இல் "தங்கலான்" வந்தது. அதிலும் மாயமந்திரம் எனக்குக் கொஞ்சம் கூடிப்போனது. ஆனாலும் தோண்டினவன் யார் என்ற கேள்வியையாவது அந்தப் படம் கேட்டது. எங்கட ஊரில் அதை எத்தனை பேர் பார்த்தீர்கள்?)

நியாயமாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோலார் தங்கவயலுக்கு 1902இலேயே மின்சாரம் வந்தது. காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் இருந்து நூற்றுநாற்பது கிலோமீற்றருக்கு மேல் கம்பி இழுத்து வந்தார்கள். அந்தக் காலத்தில் உலகத்திலேயே மிக நீளமான மின்பாதைகளில் ஒன்று. பெங்களூர் நகருக்கே அதற்குப் பிறகுதான் வெளிச்சம். பேத்தமங்கலம் ஏரியில் இருந்து குழாய்த் தண்ணீர், பெரிய ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள், வெள்ளைக்காரருக்குக் கிளப்பும் கோல்ஃப் மைதானமும். 1965இல் அந்த ஆழத்தில் வைத்துத்தான் விஞ்ஞானிகள் வளிமண்டல நியூத்திரினோ என்ற துகளை உலகில் முதன்முதலாகப் பதிவு செய்தவர்களில் ஒரு குழுவாக ஆனார்கள். விஞ்ஞானப் பாட ஆசிரியர்கள் இதை வகுப்பில் சொல்லலாம், பிள்ளைகள் காது கொடுப்பார்கள். ஆனால் அந்த மின்சாரம் கம்பியில் ஓடி வந்தது இயந்திரத்துக்காக. லைன் வீட்டுப் பிள்ளை படிக்க வேண்டும் என்று யாரும் காவிரிக்குப் போகவில்லை.

சாம்பியன் ரீஃப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையில்தான் அந்தப் பெரியவரைச் சந்தித்தேன். தொப்பியையும் தாடியையும் பார்த்துவிட்டு, "வாங்க பாய், உக்காருங்க" என்றார். அந்தப் பக்கத்தில் எங்களைப் "பாய்" என்றுதான் கூப்பிடுவார்கள். ரொக்கிக்கு முன்னாலேயே அந்த ஊரில் பாய்மார் இருந்தார்கள் என்பதையும் சொல்லி வைக்கிறேன். எங்கிருந்து என்று கேட்டார். சிலங்கா என்றேன். "சிலோனா? எங்க தாத்தாவோட தம்பி தேயிலைக்குப் போனாராம். அப்புறம் காயிதமே வரல" என்றார். நான் ஏதோ செய்ய வேண்டியவன் போல என் முகத்தைப் பார்த்தார்.

இருபத்தாறு வருடம் உள்ளே இறங்கினவர். இரண்டு வசனம் பேசினால் ஒரு தரம் நிறுத்தி மூச்செடுக்கிறார். நான் பரிதாபப்பட்டு ஏதோ சொல்லப் போனேன், கையை உயர்த்தி மறித்தார். "அப்படிப் பாக்காதீங்க பாய். நாங்க தங்கம் எடுத்தோம். அந்தப் பாறைய எங்கள மாதிரி தெரிஞ்சவன் யாரு? திறந்தா எம்மவன் இப்பவும் எறங்குவான்." இது எனக்கு அடி. கொடுமை, கொடுமை என்று மனதுக்குள் ஒரு கட்டுரை எழுதிக்கொண்டு போன ஆள் நான். அந்த மனிதருக்கு அது கொடுமை மட்டும் இல்லை. அவருடைய தொழில், அவருடைய கௌரவம், அவருடைய ஆயுள். சுரங்கம் திறக்க வேண்டும் என்று இப்போதும் கேட்கிறவர்கள் அந்த ஊரில் நிறைய.

படத்தைப் பற்றிக் கேட்டேன். சிரித்தார். "படம் நல்லாத்தான் இருந்துச்சு பாய். எங்க ஊருதான் அதுல இல்ல."

2001 பெப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். நூற்றிருபது வருடத்தில் 800 தொன் அளவு தங்கம் எடுத்த இடம். ஒரு காலத்தில் பல்லாயிரம் பேர் வேலை செய்த இடம். தண்ணீர் இறைக்கிற பம்புகளை நிறுத்தினார்கள், சுரங்கங்களில் தண்ணீர் நிறைந்தது. தங்கம் போன திசையில் ஒருவரும் திரும்பி வரவில்லை. இப்போது அந்த ஊர் ஆட்கள் விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூருக்குக் கூலி வேலைக்கும் கம்பனி வேலைக்கும் போய், இரவில் வந்து இறங்குகிறார்கள். பெரியவரின் மகனும் அப்படித்தான். போகவர நெடுந்தூரம், ஒவ்வொரு நாளும்.

"ஏன் மூடினார்கள், தங்கம் முடிஞ்சிதா?" என்று வகுப்பில் கேட்டார்கள். முடியவில்லை. எடுக்கிற செலவுக்குக் கட்டுப்படியாகவில்லை. தொடக்க காலத்தில் ஒரு தொன் பாறையில் நாற்பது கிராமுக்கு மேல் தங்கம் கிடைத்தது. கடைசிக் காலத்தில் மூன்று கிராம் அளவு. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் பிள்ளைகளைக் கொண்டே செய்ய வைத்தேன். இங்கேயும் செய்வோம், ஏனென்றால் இது எங்கட கணக்கு.

ஒரு பவுண் 8 கிராம். தொன்னுக்கு மூன்று கிராம் என்றால் ஒரு பவுணுக்கு இரண்டரைத் தொன்னுக்கு மேல் பாறை. மூன்று கிலோமீற்றர் கீழே, அந்தச் சூட்டில், அந்தத் தூசில் உடைத்து, மேலே ஏற்றி, அரைத்து, சயனைட்டில் கழுவ வேண்டும். எங்கட ஊரில் மாப்பிள்ளை வீட்டார் சாதாரணமாக வாயைத் திறந்து சொல்கிற இலக்கம் இருபத்தைந்து பவுண். இருநூறு கிராம். அறுபத்தாறு தொன் பாறை. டிப்பர் கணக்கில் நாலைந்து லோட். மணப்பெண்ணின் கழுத்தில் போடுகிறோம், போட்டோ எடுக்கிறோம், சக்கையை இன்னொரு ஊரின் தலையில் கொட்டிவிடுகிறோம்.

"சேர், இப்ப கடையில இரிக்கிற தங்கம் கோலார்த் தங்கமா?" என்று கேட்பீர்கள். யார் கண்டது? தங்கம் அழிகிற பொருள் இல்லை. உருக்குகிறோம், அடிக்கிறோம், திரும்ப உருக்குகிறோம். லண்டனுக்குப் போனது துபாய்க்கு வரும், துபாயில் இருந்து நம்மிடம் வரும். உங்கள் உம்மாவின் பழைய மாலையில் எந்த ஊர்ப் பாறை இருக்கிறது என்று எந்தத் தட்டானாலும் சொல்ல முடியாது. கோலார் மூடிவிட்டது, சரி. இன்றைக்குத் தோண்டுகிற இடங்களில் தோண்டுகிறவன் ரொக்கியா?

பெண்கள் தங்கம் அணிவது ஹலால் என்று எனக்கு வகுப்பு எடுக்க வர வேண்டாம். தெரியும். ஹறாம் என்று நான் எங்கே சொன்னேன்? நான் கேட்பது வேறு. மஹர் கொடுக்க வேண்டியவன் ஆண். நாம் என்ன செய்கிறோம்? மஹர் ஆயிரத்தொரு ரூபா என்று பள்ளியில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி எழுதுகிறோம். வீடும் வளவும் இருபத்தைந்து பவுணும் என்று கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறோம். என்னிடம் படித்த ஒரு பிள்ளை, பெயர் சொல்ல மாட்டேன், கெட்டிக்காரி. ஐந்து பவுண் குறைந்ததால் பேசி முடித்த கல்யாணம் நின்றது. அந்த ஐந்து பவுணுக்காக அவளுடைய வாப்பா ஐம்பத்தேழு வயதில் கட்டாருக்குப் போனார், சீமெந்து மூட்டை தூக்க. தூசிக்குள்தான் வேலை. கோலாருக்கும் எங்கட ஊருக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட அந்த நானாவுக்கு என் பதில் இதுதான். அவர் கல்யாணம் பேசப் போன வீட்டில்தான் இது நடந்தது. அதையும் அவருக்கு ஞாபகப்படுத்துகிறேன்.

நான் மட்டும் என்ன பரிசுத்தமா? என் கல்யாணத்தில் பதினைந்து பவுண் வந்தது. நான் கேட்கவில்லை, உம்மாதான் கேட்டா. நான் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்து இருந்தால் நல்ல பிள்ளை என்பார்கள், அந்தப் பெயரையும் பவுணோடு சேர்த்து வாங்கிக்கொண்டேன். மாமனார் அந்தப் பதினைந்துக்காக விற்ற வயலைக் கடந்துதான் இப்போதும் பாடசாலைக்குப் போகிறேன். வேறு ஒருவர் வெள்ளாமை செய்கிறார்.

ஆகவே இளைஞர்களிடம் கேட்கிறேன். வேலூருக்கோ பெங்களூருக்கோ போகிற வாய்ப்புக் கிடைத்தால் ஒரு நாள் ஒதுக்கி மாரிக்குப்பத்துக்குப் போங்கள். மூடின சுரங்கத்துக்குள் விடமாட்டார்கள், வேலிக்கு வெளியே நின்று பாருங்கள். சயனைட் மலையில் ஏறி ரொக்கி மாதிரி நின்று போட்டோ எடுக்காதீர்கள். அந்தத் தூளை அந்த ஊர்ப் பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள். ஒரு தேத்தண்ணி குடித்து யாராவது ஒரு பெரியவரோடு பேசுங்கள். தமிழ்தான், விளங்கும். அடுத்த தவணையில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையை இரண்டு பாடவேளை முழுக்கச் சொல்லப் போகிறேன். பாடத்திட்டத்தில் இல்லாததைச் சேர் படிப்பிக்கிறார் என்று மேலே அறிவிக்க விரும்புகிறவர்கள் இந்தப் பதிவையே ஸ்கிரீன்ஷொட் எடுத்து அனுப்பலாம்.

கடைசியாக ஒன்று. அன்றைக்குப் பின்னேரம் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழும்பினேன். பெரியவர் கடை வாசல் மட்டும் கூடவே வந்தார். சொல்லவா வேண்டாமா என்ற மாதிரிக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுக் கேட்டார், "பாய், உங்க ஊர்ல பவுன் என்ன வெலை? பேத்திக்கு தை மாசம் கல்யாணம். மாப்ள வீட்ல பத்து பவுன் சொல்றாங்க. சிலோன்ல கொறவுன்னு யாரோ சொன்னாங்க."

இருபத்தாறு வருடம் தங்கம் எடுத்த மனிதர். நான் எங்கட விலையைச் சொன்னேன். விரலால் காற்றில் எழுதி இந்திய ரூபாவுக்கு மாற்றிப் பார்த்தார். இரண்டாம் தரமும் எழுதினார்.

"அங்கயும் அப்படித்தானா?" என்றார். ரயில் வந்துவிட்டது.